ரோஸிக்கு ஒரு பிள்ளை

காலையில் எங்கள் தெருவில் நடந்தால் துணி காயும் வாசனை வரும். ஆனால் ஒரு துணியும் கண்ணில் படாது. ஒவ்வொரு வீட்டின் பக்கச் சுவரிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துவாரம் இருக்கிறது. உள்ளே டிரையர் ஓட ஓட அதன் வழியாக வெதுவெதுப்பான ஆவி தெருவுக்கு வருகிறது, லாவண்டராகவோ வெனிலாவாகவோ மணந்துகொண்டு. வெளியே டெக்சஸ் வெயில் காரின் கதவைத் தொடவிடாமல் காய்கிறது. அந்த வெயிலைச் சும்மா தெருவில் கிடக்கவிட்டு, கரண்டைச் செலவழித்துத் துணி காயவைக்கிற ஊர் ரவுண்ட் ராக். வந்த புதிதில் நான் பின்பக்கம் கொடி கட்டினேன். குடியிருப்புச் சங்கத்துக்காரர் ஒருவர் வந்து, மழை வருமா வராதா என்று அரை மணி நேரம் பேசிவிட்டு, போகும்போது கொடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அவிழ்த்துவிட்டேன். இன்றைக்கும் அந்த லாவண்டர் ஆவி மூக்கில் பட்டால் எனக்கு அதற்கு நேரெதிரான ஒரு வாடைதான் நினைவுக்கு வருகிறது. வேர்வை, புகை, புளித்த பால், ஒட்டகத்தின் கழுத்து மயிர், நாலு நாள் மாற்றாத என் சுடிதார், எல்லாம் சேர்ந்த வாடை. அது என் இருபத்தைந்து வயதின் வாடை.

நான் கால்நடை மருத்துவம் படித்தவள். நாமக்கல்லில் படிப்பை முடித்ததும், தாராபுரத்தில் என் வீட்டார் மாடு, கோழி என்று பக்கத்திலேயே இருப்பேன் என நினைத்திருக்க, நான் ராஜஸ்தானில் ஒரு தொண்டு நிறுவனத்தில் போய்ச் சேர்ந்தேன். ஜோத்பூருக்கு மேற்கே, வறண்ட நாட்டில், ஒட்டகம் வளர்ப்பவர்களோடு வேலை. சொறிக்கு மருந்து, ஈ கடித்து வரும் காய்ச்சலுக்கு ஊசி, ஒட்டகப் பாலுக்கு ஒரு சந்தை. "ஒட்டகமா?" என்று அப்பா ஒரு தடவை கேட்டார். அதன்பிறகு ஊரில் யார் விசாரித்தாலும் "புள்ளைக்கு வடக்க கவர்மெண்ட் வேலைங்க" என்று சொல்லிவைத்தார்.

சந்தை என்று சொல்வது சுலபம். டிராக்டர் வந்ததும் வண்டியிழுக்க ஆண் ஒட்டகம் வாங்க ஆளில்லாமல் போயிற்று. மேய்ச்சல் நிலத்தில் வேலி வந்தது. வெளி மாநிலத்துக்கு ஓட்டிப்போகவும் தடை வந்தது. மந்தை பிழைக்க வேண்டுமானால் பாலைத்தான் விற்க வேண்டும். அவர்கள் வழக்கத்திலோ பாலைக் கொடுப்பது உண்டு, விற்பது கிடையாது. வருகிறவனுக்கெல்லாம் பெரிய கிண்ணம் நிறையக் கறந்து கொடுப்பார்கள். விலை கேட்டால் முகம் சுருங்கிப்போகும். ஜம்னா என்று என் வயதுப் பெண் ஒருத்தி, புருஷன் சூரத்துக்கு வேலைக்குப் போய்விட மந்தையைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்கம்மா பாலுக்கு நீ என்ன விலை குடுத்தே, டாக்டர்னி?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுச் சிரிக்கவைத்தவள் அவள்தான். அதே ஜம்னாதான் ஒரு கோடை முடிவில், தீவனத்துக்கு வழியில்லாமல் போனபோது, எங்கள் குளிர்பதனத் தொட்டிக்கு முதல் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இப்ப நீ சிரிக்காதே" என்றாள். நான் சிரிக்கவில்லை. நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று அன்றைக்கு அலுவலகத்தில் இனிப்பு வாங்கினார்கள். எனக்கு வாயில் வைக்க முடியவில்லை.

பிறகு செந்திலைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தேன். என் படிப்பு இங்கே செல்ல வேண்டுமானால் மறுபடியும் பரீட்சைகள் எழுத வேண்டும். முதலில் வேலை பார்க்க விசா இடம்கொடுக்கவில்லை, பிறகு மகள் பிறந்தாள், பிறகு படிக்க உடம்பு இடம்கொடுக்கவில்லை. வேலைக்கான அனுமதி கையில் வந்தபோது ஒரு செல்லப்பிராணி கிளினிக்கில் உதவியாளராகச் சேர்ந்தேன். நாய்களுக்கு நகம் வெட்டுகிறேன், காது துடைக்கிறேன், பிறந்தநாள் தொப்பி போட்டுக்கொண்டு வரும் புல்டாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கிரீன் கார்டு வரிசையில் எங்கள் முறை வரும் வேகத்தைப் பார்த்தால் இங்கே பிறந்த மகள் வளர்ந்து எங்களுக்கு ஸ்பான்சர் பண்ணுவாள் போலிருக்கிறது என்று செந்தில் பார்ட்டிகளில் சொல்வார். எல்லாரும் சிரிப்பார்கள். எல்லாருக்கும் அதே கதை.

ஒரு நாள் ஆர்கானிக் கடையின் ஃப்ரீசரில், பாதாம் பால் ஐஸ்கிரீமுக்கும் ஓட்ஸ் பால் ஐஸ்கிரீமுக்கும் நடுவில், ஒட்டகப் பால் பாட்டில் ஒன்று உறைந்துபோய் நின்றது. கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்தபடி நான் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது, கதவு முழுக்க ஆவி படிந்துவிட்டது. ஜம்னா வெட்கப்பட்டுக்கொண்டு விற்ற பால் இங்கே உடல்நலப் பொருளாக, அழகான எழுத்தில் பெயர் போட்டு உட்கார்ந்திருந்தது. பாட்டிலில் இருந்த பண்ணைப் பெயரைத் தேடிக்கொண்டு வடமேற்கே ஒரு மணி நேரம் டிரைவ் பண்ணிப் போனேன். அப்படித்தான் கேரலைத் தெரியும். எழுபதைத் தொட்ட, தனியாக இருக்கும் பெண்மணி. ஏழு ஒட்டகம், இரண்டு நாய். முதல் நாள் நான் ஒட்டகத்தின் கழுத்தடியில் கைவைத்துத் தடவியதைப் பார்த்துவிட்டு, "இதை நீ முன்னாடியே பண்ணியிருக்கே" என்றார். கிளினிக்கில் எனக்கு வியாழக்கிழமை லீவு. அதன்பிறகு வியாழக்கிழமைகள் எல்லாம் அங்கேதான். மருந்து கொடுக்க எனக்கு உரிமம் இல்லை, அதற்கு அந்த ஊர் மருத்துவர் வருவார். நான் பார்ப்பேன், தடவுவேன், சொல்வேன். கேரல் என்னை 'டாக்' என்று கூப்பிடுவார். இந்த நாட்டில் என்னை அப்படிக் கூப்பிடுகிற ஒரே ஆள்.

இந்த இலையுதிர் காலத்தில் கேரலின் முட்டிகள் ஒத்துழைக்க மறுத்துவிட்டன. பால் வேலையைச் சுருக்கப்போகிறேன் என்றார். ரோஸி என்ற ஒட்டகம் சினையாக இருந்தது. மேற்கே, பேக்கோஸ் ஆற்றுக்கு அப்பால் வறண்ட மேய்ச்சல் நிலத்தில் ஒட்டகம் வைத்திருக்கும் வெயின் என்பவர், குட்டியோடு இருக்கும் தாய் என்றால் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். அங்கே பெரிய மந்தை, வேலி தெரியாத வெளி. குட்டி இல்லாவிட்டால் ஏலம்தான். விநோத விலங்குகளை ஏலம் போடும் இடங்கள் இங்கே உண்டு. அங்கே போகும் ஒட்டகம் யாரோ ஒருவர் வீட்டுப் புல்வெளியிலோ கிறிஸ்துமஸ் காட்சியிலோ தன்னந்தனியாக நிற்கப் போகும். மந்தை இல்லாத ஒட்டகம் தின்னும், குடிக்கும், ஆனால் மெல்ல மெல்ல உள்ளே எதுவோ அணைந்துவிடும். ஜம்னாவின் ஊரில் பெண் ஒட்டகத்தை மந்தையிலிருந்து பிரித்து விற்கமாட்டார்கள் என்பதற்கு வேறு காரணமும் வேண்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை ரோஸி குட்டி போட்டது. கேரல் கூப்பிட, நான் கிளினிக்கில் சொல்லிவிட்டு ஓடினேன். மருத்துவர் வருவதற்குள் முடிந்துவிட்டது. நீளக் கால்கள், ஈர மயிர், மூச்சு இல்லை. மடியில் போட்டுத் தேய்த்தேன், தலைகீழாகப் பிடித்தேன், வாய்க்குள் விரல் விட்டு வழித்தேன். பனிக்குட நீரும் ரத்தமுமாக என் உடுப்பு முழுக்க நனைந்தது. ரோஸி குனிந்து குட்டியை முகர்ந்தது, என்னை முகர்ந்தது, மறுபடியும் குட்டியை முகர்ந்தது. கேரல் துண்டுகளால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போன பிறகும் துடைத்தார்.

வீட்டுக்கு வந்தபோது செந்தில் கராஜ் வாசலிலேயே நிறுத்தினார். "அப்படியே இரு. துணியைப் போட்டுட்டு தலைக்கு ஊத்திட்டு உள்ள வா." நானும் அதைத்தான் செய்யப்போனேன், யாரும் சொல்லத் தேவையில்லை. துணியை மெஷினில் போட்டு வெந்நீரில் இரண்டு முறை ஓடவிட்டேன். தலைக்கு ஊற்றிக்கொண்டேன். சாவு வீட்டிலிருந்து வருகிறவள் குளிக்காமல் எதையும் தொடக்கூடாது. அது என் கைக்குத் தெரியும், மண்டைக்குத் தெரிய வேண்டியதில்லை. யோசித்துப்பார்த்தால், இங்கே வந்த இத்தனை வருடத்தில் நான் ஒரு சாவு வீட்டுக்கும் போனதில்லை. எங்கள் சாவுகள் வாட்ஸ்அப்பில் வரும். அப்பா போனபோது விசா ஸ்டாம்பிங் சிக்கலில் கிளம்ப முடியவில்லை. ஃபோன் திரையில் அவரைக் கொண்டுபோனார்கள். தெருமுனை திரும்பியதும் சிக்னல் போயிற்று. நான் எழுந்துபோய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து மகளுக்குத் தோசை சுட்டேன். தொடவே கிடைக்காத சாவுகளுக்கெல்லாம் குளித்துக் குளித்துப் பழகிய உடம்பு, முதன்முறையாக ஒரு சாவை மடியில் வைத்திருந்துவிட்டு வந்தது. விடுமா? தேய்த்துத் தேய்த்துக் குளித்தது. மகள் மாடிப்படியில் நின்று, "அம்மா, யூ ஸ்மெல் நைஸ்" என்றாள்.

மறுநாள் கேரல் ஃபோனில் இன்னொரு செய்தி சொன்னார். பெத்தி என்ற கிழ ஒட்டகம் அதற்கு முந்தின வாரம் குட்டி போட்டிருந்தது. அதன் மடி நோய் கண்டு வீங்கி, பால் நின்றுவிட்டது. குட்டிக்குப் பாட்டில். அந்தக் குட்டி இப்போது பாட்டிலையும் தள்ளிவிடுகிறதாம். எனக்கு உடனே தோன்றிவிட்டது. பிள்ளை இல்லாத தாய் ஒன்று, பால் இல்லாத பிள்ளை ஒன்று. இரண்டையும் சேர்த்துவிட்டால் இரண்டுமே பிழைக்கும், சனிக்கிழமை ஏற்றிப்போக வரும் வெயினின் டிரெய்லரில் ஜோடியாகப் போகும். ஒட்டகம் சும்மா இன்னொருத்தி பிள்ளையை அண்டவிடாது, உதைக்கும், கடிக்கும். அதற்கு வழி இருக்கிறது. செத்த குட்டியின் தோலை உரித்து இந்தக் குட்டியின் முதுகில் கட்டிவிட வேண்டும்.

வியாழக்கிழமை காலை இதை நான் கேரலிடம் சொன்ன விதம் சரியில்லை. "அந்தக் குழந்தையோட தோல் எனக்கு வேணும்" என்று ஆரம்பித்துவிட்டேன். கேரல் ஒரு அடி பின்னால் போனார். பிறகு மிகவும் மென்மையாக, இது எங்கள் மதத்தில் உள்ள சடங்கா என்று கேட்டார். எதுவானாலும் மதிக்கிறேன் என்றும் சேர்த்துக்கொண்டார். நான் சென்னைத் தெருக்களில் பால்காரர்கள் தோளில் போட்டுக்கொண்டு வரும் வைக்கோல் கன்றைப் பற்றி, அதைப் பசு நக்கிக்கொண்டே பால் விடுவதைப் பற்றி, கையைக் காலை ஆட்டி விளக்கினேன். கேரலின் முகம் இன்னும் மோசமாகிவிட்டது.

"ஒரு தாயை ஏமாத்தறீங்களா?"

"ஏமாறுதுன்னு நான் நினைக்கல, கேரல். அதுக்கும் தெரியும். ஒத்துக்கறதுக்கு ஒரு சாக்கு வேணும், அவ்வளவுதான்."

ஆனால் ரோஸியின் குட்டியைப் புதன்கிழமையே, செத்த விலங்குகளை ஏற்றிப்போகும் வண்டி வந்து கொண்டுபோய்விட்டது என்றார் கேரல். சரி, துடைத்த துண்டுகள்? அவை போதும், வாசம்தானே வேண்டும். கேரலின் முகம் மலர்ந்தது. உள்ளே போய் மடித்த துண்டுகளை ஒரு கூடையில் எடுத்துவந்தார். வெள்ளை வெளேரென்று, மெத்தென்று, லாவண்டர் மணக்க. கறை போக மூன்று முறை துவைத்தாராம். "அதை அப்படியே விட எனக்கு மனசு வரலை, டாக்" என்றார். நான் கேரலைக் கோபிக்க வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டேன். என் சுடிதாரும் வீட்டில் அதேபோல் மடித்துவைக்கப்பட்டிருந்தது. நான் படித்தவள், ஒட்டகங்களோடு வருடக்கணக்காக இருந்தவள். ஜம்னாவின் மந்தையில் இப்படி ஒரு குட்டியைச் சேர்த்தபோது, காலையில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்த என்னை அவள் பட்டிக்குள் விடவேயில்லை. "சோப்புக்காரி, தூரப் போ, உன்னோட மணத்துல என் ஒட்டகத்துக்கு மயக்கம் வருது" என்று நாள் முழுக்க வெயிலில் நிறுத்தினாள். அத்தனையும் தெரிந்த நான்தான் செவ்வாய்க்கிழமை குளித்தேன். ரோஸியின் குட்டிக்குச் சொந்தமான வாசம் உலகத்தில் இரண்டு இடத்தில் இருந்தது. இரண்டு வீட்டு மெஷின்களும் அதைச் சுத்தமாகக் கழுவிவிட்டன.

அன்றைக்கு எதுவும் நடக்கவில்லை. ரோஸியின் பாலையே கொஞ்சம் பீச்சிப் பெத்தியின் குட்டி மேல் பூசிப்பார்த்தோம். பாலே சரியாக வரவில்லை, குட்டி ஊட்டாமல் ஒட்டகம் சுரப்பு விடாது. குட்டி கிட்டே போனதும் ரோஸி பல்லைக் காட்டியது. வேலிக்கு அப்பால் மெஸ்கீட் மரங்கள் நின்றன. நம்மூரில் வெட்டி எறியச் சொல்லும் சீமைக் கருவேலத்தின் பங்காளி மரம். இங்கே அதுதான் சொந்த ஊர்க்காரன், அதன் கட்டையை இறைச்சி வாட்டுவதற்குப் பொட்டலம் போட்டு விற்கிறார்கள். அதன் காய் என்றால் ரோஸிக்கு உயிர். ஒரு கை பறித்து நீட்டினேன், முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து, நாளைக்கும் போகவேண்டும், கிளினிக்கில் லீவு சொல்லப்போகிறேன் என்றேன். செந்தில் லேப்டாப்பிலிருந்து தலை தூக்காமல், "உன்ன எனக்குக் கட்டிக்குடுத்தாங்களா, ஒட்டகத்துக்கா?" என்றார். "ஒட்டகம் கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன்" என்றேன். சிரித்தோம். பிறகு அவராகவே, காரில் பெட்ரோல் போட்டு வைத்திருக்கிறேன் என்றார்.

வெள்ளிக்கிழமை நான் போனபோது குட்டி எழுந்து நிற்கவில்லை. படுத்தபடி கழுத்தை மட்டும் தூக்கிப் பார்த்தது. இன்றைக்கு இல்லாவிட்டால் சனிக்கிழமை என்ற பேச்சே இதற்கு இல்லை என்று எனக்குத் தெரிந்தது. கேரல் வாளி நிறையச் சுண்ணாம்புத் தூளோடு கொட்டகைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். பிரசவம் நடந்த மூலையில் தூவிச் சுத்தம் பண்ணவாம்; ரோஸி நகரமாட்டேன் என்று அங்கேயே நிற்கிறதே, எப்படித் தூவுவது என்று அலுத்துக்கொண்டார். நான் திரும்பிப் பார்த்தேன். ரோஸி மூலையில், தலையைத் தரைக்குத் தாழ்த்தி, ஒரே இடத்தை முகர்ந்துகொண்டு நின்றது. அங்கே மணல் திட்டு ஒன்று கறுப்பாக, காய்ந்து பொருக்குத் தட்டிக் கிடந்தது. செவ்வாய்க்கிழமை முதல் மழை இல்லை. துண்டைத் துவைத்தோம், துணியைத் துவைத்தோம், என்னை நானே துவைத்துக்கொண்டேன். தரையைத் துவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

"தூவாதீங்க, கேரல். வாளியைக் கீழ வைங்க."

அந்தப் பொருக்கு மண்ணைக் கையால் சுரண்டி அள்ளினேன். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குழைத்தபோது அந்த வாடை எழுந்தது, இரும்பும் உப்பும் கலந்த, சொல்ல முடியாத ஒரு வாடை. குட்டியின் முதுகு, தலை, வால், தொடை இடுக்கு என்று அப்பினேன். கேரல் முட்டி வலியோடு மண்டிபோட்டு மற்றப் பக்கம் அப்பினார். இரண்டு பேருக்கும் முழங்கை வரைக்கும் சேறு. பிறகு ரோஸியின் முன்காலைத் தளர்வாகக் கட்டி, மூக்கில் துணி அடைத்து, குட்டியைத் தூக்கி மடிக்குக் கீழே நிறுத்திப் பிடித்துக்கொண்டோம். குட்டி இரண்டு இழுப்பு இழுத்ததும் ரோஸி உடம்பை உதறியது. காத்திருந்தோம். மூக்குத் துணியை மெல்ல எடுத்தேன். ரோஸி கழுத்தை வளைத்துப் பின்னால் நீட்டிக் குட்டியின் வாலடியை முகர்ந்தது. வெகு நேரம் முகர்ந்தது. பிறகு அதன் தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது, பெற்றவள் மட்டும் எழுப்புகிற, பூமிக்கடியில் தண்ணீர் ஓடுவதுபோன்ற தாழ்ந்த சத்தம். மடி நிறைந்து, குட்டியின் கடைவாயில் நுரை வழிந்தது. கேரல் சேற்றுக் கையோடு என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. கல் இறக்கிவைத்தவளைப்போலக் களைப்புத்தான் வந்தது. இனி இது போய்விடும். என் வேலை எப்போதும் இப்படித்தான் முடிகிறது. சரியாகச் செய்தால், செய்த பொருள் கைவிட்டுப் போகிறது.

சனிக்கிழமை வெயிலேறிய நேரத்தில் வெயின் வந்தார். உயரமான மனிதர், தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசினார். அங்கே தண்ணீர் எப்படி, மந்தையில் எத்தனை தாய்கள், சொறி வந்தால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். பெண் பார்க்க வந்த வீட்டாரை விசாரிப்பதுபோல் விசாரித்திருக்கிறேன் என்று பிறகுதான் உறைத்தது. ரோஸி டிரெய்லரின் சாய்வுப் பலகையைப் பார்த்ததும் நாலு காலையும் ஊன்றிக்கொண்டது. வெயின் கயிற்றை எடுக்கப் போனார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நான் குட்டியை அணைத்துத் தூக்கிக்கொண்டு ஏறினேன். உள்ளே கடைசி வரைக்கும் போய் வைக்கோலில் அதை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். குட்டி ஒரு தரம் கத்தியது. வெளியே முனகல் கேட்டது. பிறகு பலகை அதிர, வண்டி ஒரு பக்கம் தாழ, ரோஸி ஏறி வந்து எங்கள் இரண்டு பேருக்கும் மேலாக நின்றது. குட்டி மடியைத் தேடிக்கொண்டது.

உள்ளே பாதி இருட்டு. கம்பிப் பலகை இடுக்கில் ஒரு பக்கம் கேரலின் வீடும் அதன் நிழலில் என் காரும் தெரிந்தன. மறுபக்கம் மேற்கே போகும் சாலை தெரிந்தது. ரோஸியின் வயிறு என் தோளில் உரச, சூடாக, நான் நகராமல் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. காலுக்குத்தான் சொல்லத் தெரியவில்லை. சாலையில் ஒரு லாரி போய் ஓய்ந்தது. கேரல் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். வெயின் கதவின் தாழ்ப்பாளில் கைவைத்தபடி எட்டிப் பார்த்தார்.

"மேம், நீங்களும் வர்றீங்களா, இல்ல இங்கதான் இருக்கப்போறீங்களா?"

"கதவை மெதுவா சாத்துங்க" என்றேன். "குட்டி பயப்படும்."